ரோப்கார் வருகிறது; கோவேறு கழுதைகள் எங்கே போகும்?

புது தில்லி: உத்தரகண்ட் மாநிலம் கெளரிகுண்டில் பொழுது புலரும் வேளையில் முதலில் கேட்பது மணியோசைதான். கழுத்தில் மணிச்சரமும் நெற்றியில் வண்ணக் குஞ்சமும் அணிந்த கோவேறு கழுதைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. சேணத்தின் வார் இழுத்துக் கட்டப்படுகிறது. குளம்பின் லாடம் ஒருமுறை சரிபார்க்கப்படுகிறது. கையளவு வெல்லம் வாயில் ஊட்டப்படுகிறது. பின்னர் கேதார்நாத் நோக்கி 16 கிலோமீட்டர் ஏற்றம் தொடங்குகிறது. யாத்திரை நடைபெறும் ஆறு மாத காலமும் அன்றாடம் காணப்படும் காட்சி இது.

இக் காட்சி இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு நீடிக்கும் என்பதே இப்போது எழுந்துள்ள கேள்வி. சோன்பிரயாகையிலிருந்து கேதார்நாத் வரை 12.9 கிலோமீட்டர் தொலைவுக்கு ரூ. 4,081 கோடி செலவில் ரோப்கார் அமைக்க மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. எட்டு, ஒன்பது மணி நேரப் பயணம் 36 நிமிஷங்களாகக் குறையும் என அப்போது அரசு அறிவித்தது. அதே ஆண்டு ஜனவரியில் புணேயில் நடந்த ராணுவ தின அணிவகுப்பில், நான்கு கால்களில் நடக்கும் இயந்திரங்கள் வீரர்களுடன் அணிவகுத்துச் சென்றன. அவற்றுக்குச் சூட்டப்பட்டிருந்த பெயரே "கோவேறு கழுதை" என்பதுதான்.

மலையில் ஏறும் பக்தரையும் எல்லையில் நிற்கும் வீரரையும் காலங்காலமாகச் சுமந்து வந்த ஒரு விலங்கு, இரண்டு பணிகளிலிருந்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடைபெறும் நிலையில் உள்ளது. அந்த விலங்கோடு வாழ்ந்து பழகியவர்களின் நிலை குறித்து இந்த அளவுக்கு விரிவாக எவரும் பேசியதாகத் தெரியவில்லை.

பாதியாகக் குறைந்த எண்ணிக்கை

நாட்டில் கோவேறு கழுதைகளின் எண்ணிக்கை 2012-ல் சுமார் 2 லட்சமாக இருந்தது. 2019-ல் எடுக்கப்பட்ட 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில் அது 84 ஆயிரமாகச் சரிந்தது. ஏழே ஆண்டுகளில் 57 சதவீத வீழ்ச்சி. இதே காலகட்டத்தில் கழுதைகளின் எண்ணிக்கை 61 சதவீதமும், குதிரை, மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை 45 சதவீதமும் குறைந்தன.

இந்த மூன்று புள்ளிவிவரங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பதே கோவேறு கழுதை. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62, இரண்டுக்கும் பிறந்ததற்கு 63. எனவே அது பொதுவாக இனப்பெருக்கம் செய்வதில்லை. தனக்கென்று ஒரு சந்ததி இல்லாத விலங்கு அது. ஒவ்வொரு கோவேறு கழுதையையும் மனிதன் புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். கழுதையும் குதிரையும் குறைந்தால் இதுவும் தானாகவே குறையும். மனிதனுக்கு இதன் தேவை இல்லை என்றாகிவிட்டால், காட்டில் போய்ப் பிழைத்துப் பெருகும் வழியும் இதற்கு இல்லை.

தாயிடமிருந்து உடல் வலிமையையும் தந்தையிடமிருந்து பொறுமையையும் பெற்ற பிறவி என மலைவாசிகள் இதைக் கூறுவதுண்டு. குதிரையைவிடக் குறைந்த தீவனத்தில் அதிக உழைப்பைத் தரும். குறுகிய, உறுதியான குளம்புகள் பாறை இடுக்குகளில் வழுக்காமல் ஊன்றும். பிடிவாதத்துக்குப் பெயர்போன விலங்கு என்றாலும், பழகியவர்கள் அதைப் பிடிவாதம் என்று சொல்வதில்லை. மண் சரியும் இடத்திலோ, பலகை ஆடும் பாலத்திலோ அது கால் வைக்க மறுத்து நின்றுவிட்டால், அடிப்பதற்கு முன் பாதையைப் பார்க்க வேண்டும் என்பது மலையில் வழிவழியாக வரும் பாடம். மிரண்டு ஓடுவது குதிரையின் குணம். நின்று யோசிப்பது இதன் குணம்.

தமிழில் இதற்கு வழங்கும் பெயருக்கு "கோ ஏறும் கழுதை", அதாவது அரசன் ஏறும் கழுதை எனப் பொருள் கொள்ள இடமுண்டு. பெயரில் இருக்கும் மரியாதை நடைமுறையில் கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

பெடோங்கியின் கதை

அந்த மரியாதையை ஓரளவுக்கேனும் அளித்தது இந்திய ராணுவம். ராணுவத்தின் ரிமவுண்ட், கால்நடை மருத்துவப் பிரிவு தனது தொடக்கத்தை 1779-ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. "விலங்குச் சேவையே எங்கள் அறம்" எனப் பொருள்படும் சமஸ்கிருத வாசகமே அதன் குறிக்கோள்.

முதல் உலகப் போரில் கலிபோலி முனையில் இந்தியக் கோவேறு கழுதைப் படை பணியாற்றியது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும், 1939 டிசம்பரில் நான்கு கோவேறு கழுதைக் கம்பெனிகள் இந்தியாவிலிருந்து பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டன. மோட்டார் வாகனங்களை நம்பிச் சென்ற பிரிட்டிஷ் படைக்கு, பனியிலும் சேற்றிலும் பொதி சுமக்க இவை தேவைப்பட்டன. 1940-ல் ஜெர்மானியப் படைகள் முன்னேறியபோது ஒரு கம்பெனி எதிரியிடம் சிக்கியது. மற்ற கம்பெனிகளின் வீரர்கள் டன்கிர்க் முதலிய துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறித் தப்பினர். ஆனால், கப்பலில் விலங்குகளுக்கு இடமில்லை. கடல் கடந்து கூட்டிச் சென்ற கோவேறு கழுதைகளை வீரர்கள் அங்கேயே விட்டுப் பிரிய நேர்ந்தது.

சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் இன்றளவும் பேசப்படும் பெயர் பெடோங்கி. ஸ்பெயின் நாட்டு வகையைச் சேர்ந்த இந்தப் பெண் கோவேறு கழுதை, சீனப் போர் நடந்த 1962-ல் படையில் சேர்க்கப்பட்டது. குளம்பு எண் 15328 என்பதே ஆவணங்களில் அதன் அடையாளம். 1971 போரின்போது பாகிஸ்தான் படையினரிடம் சிக்கிய அது, முதுகில் ஏற்றப்பட்டிருந்த இயந்திரத் துப்பாக்கி, குண்டுப் பெட்டிகளுடன் அங்கிருந்து தப்பி, இந்திய நிலைக்கே திரும்பி வந்து சேர்ந்தது.

கோவேறு கழுதைகளின் வழக்கமான பணிக்காலத்தைக் கடந்து, 17 ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரங்களில் பெடோங்கி தொடர்ந்து சுமை ஏறியது. முதுமையில் ஓய்வு தரப்பட்ட அதற்கு 1992-ல் நீல நிற வெல்வெட் போர்வை அணிவித்துச் சிறப்புச் செய்யப்பட்டது. மிக நீண்ட காலம் பணியாற்றிய ராணுவக் கோவேறு கழுதை என 1997-ல் கின்னஸ் ஏட்டிலும் இடம் பெற்றது. 1998 மார்ச் 25-ல் அது இறந்தது. தில்லியில் உள்ள ராணுவ சேவைப் பிரிவு அதிகாரிகள் விடுதியின் கூடம் ஒன்றுக்கு அதன் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

பெடோங் என்பது மேற்கு வங்கத்தின் கலிம்போங் அருகே உள்ள மலையூர். திபெத்தின் கம்பளி, கோவேறு கழுதைகளின் முதுகில் ஜெலெப் கணவாய் வழியாக இறங்கி வந்த பாதையில் அது அமைந்துள்ளது. 1962 போருடன் அந்தக் கணவாய் வழி வாணிபம் முடிவுக்கு வந்தது. ஒரு பாதை மூடப்பட்டால் அதை நம்பியிருந்த விலங்கும் மனிதனும் என்ன ஆவார்கள் என்ற கேள்வியை இமயமலை எதிர்கொள்வது இது முதல் முறையல்ல.

1999 கார்கில் போரிலும், வாகனம் செல்ல முடியாத முகடுகளுக்குத் தோட்டாவும் உணவும் கொண்டு சேர்த்ததில் இவற்றுக்குப் பங்கு உண்டு. எல்லைச் சாலைகள் பெருகி, சுமை தூக்கும் டிரோன்களும் எல்லா நிலத்திலும் ஓடும் வாகனங்களும் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. 2030-க்குள் விலங்குப் போக்குவரத்துப் பிரிவுகளை 50 முதல் 60 சதவீதம் வரை குறைக்க ராணுவம் உத்தேசித்துள்ளதாகச் செய்திகள் வெளியாயின. முதல் கட்டமாக 100 இயந்திரக் கோவேறு கழுதைகள் வாங்கப்பட்டன. அவை ஒவ்வொன்றும் சுமார் 15 கிலோ சுமக்கும் எனக் கூறப்பட்டது. கண்காணிப்புக்கு அவை பயன்படலாம். சுமை தூக்குவதில் உயிருள்ள கோவேறு கழுதைக்கு அவை இன்னும் ஈடாகவில்லை என்பது இந்த எண்ணிலிருந்தே விளங்கும்.

பாசமும் பிழைப்பும்

ராணுவத்தில் ஓய்வு பெறும் விலங்கைப் பற்றி முடிவெடுக்க ஓர் அமைப்பு இருக்கிறது. யாத்திரைப் பாதையில் அப்படி எதுவும் இல்லை. அங்கே விலங்கும் அதன் உரிமையாளரும் ஒரே முதலீடு, ஒரே ஆபத்து.

ருத்ரபிரயாகை, சமோலி, தெஹ்ரி மாவட்டங்களின் மலைக் கிராமங்களில் கோவேறு கழுதை வைத்திருப்பது தலைமுறைத் தொழில். "கச்சர்" என அழைக்கப்படும் இவ் விலங்கு, சாலை எட்டாத கிராமங்களுக்கு அரிசி, உப்பு, சிமென்ட், எரிவாயு உருளை என அனைத்தையும் கொண்டு சேர்க்கிறது. உத்தரப் பிரதேசத்தின் சமவெளி மாவட்டங்களிலிருந்தும் பலர் தங்கள் விலங்குகளை யாத்திரைக் காலத்தில் மலைக்கு ஓட்டி வருகின்றனர். பனிக்காலத்தில் கோயில் நடை சாத்தப்பட்டதும், அதே விலங்குகள் சமவெளியின் செங்கல் சூளைகளில் கல் சுமக்கப் போய்விடும். உரிமையாளர் ஒருவர், ஓட்டிச் செல்பவர் இன்னொருவர் என்ற நிலையும் பரவலாக உண்டு. ஓட்டுபவர்களில் நேபாளத்திலிருந்து வரும் கூலித் தொழிலாளர்கள் கணிசமானோர்.

விலங்கை வாங்குவதும் விற்பதும் சந்தைகளில்தான். ஆக்ரா அருகே படேஷ்வரிலும், தீபாவளியை ஒட்டி சித்ரகூடத்திலும் கூடும் சந்தைகள் இதற்குப் புகழ் பெற்றவை. பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பதும், காலைத் தூக்கிக் குளம்பைத் தட்டிப் பார்ப்பதும், நாலடி நடக்கவிட்டு முதுகின் அசைவைக் கவனிப்பதும் தந்தையிடமிருந்து மகன் கற்கும் வித்தை. கடன் வாங்கி வாங்கப்படும் விலங்கு, இரண்டு அல்லது மூன்று யாத்திரைக் காலங்கள் உழைத்தால்தான் கடன் அடையும். நடுவில் அது இறந்தால் கடன் மட்டும் எஞ்சும்.

ஆனால், இது வெறும் கணக்கு வழக்கு உறவு அல்ல. ஒவ்வொரு விலங்குக்கும் பெயர் உண்டு. முன்னே செல்வது எது, பள்ளத்தின் ஓரமாகவே நடக்கும் பழக்கம் எதற்கு, மழை வாடை அடித்தால் எது முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் ஓட்டுபவருக்கு மனப்பாடம். குளிர் இரவில் தன் கம்பளியை விலங்கின் முதுகில் போர்த்திவிட்டுத் தான் குறுகிப் படுப்பவர்களும் இப் பாதையில் உண்டு. 2013 ஜூன் 16, 17-ல் பெருவெள்ளம் கேதார்நாத்தைச் சூறையாடி, ராம்பாரா என்ற தங்குமிடத்தையே துடைத்தழித்தபோது, பாலங்கள் அறுந்து பல நூறு விலங்குகள் ஆற்றுக்கு அப்பால் தனித்து விடப்பட்டன. மனிதர்களை மீட்க வந்த ஹெலிகாப்டர்கள் அவற்றை மீட்க முடியாது. விலங்கைக் கைவிட்டு வர மனமில்லாமல் மலையிலேயே தங்கிய உரிமையாளர்களும் இருந்தனர்.

மறுக்க முடியாத மறுபக்கம்

இந்தப் பாசத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மையாகவே முடியும். இதே பாதையில் இதே விலங்குகள் கொடுமைக்கும் உள்ளாகின்றன.

கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் யாத்திரை முழு அளவில் தொடங்கியபோது, முதல் சில வாரங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் கேதார்நாத் பாதையில் இறந்தன. ஓய்வின்மை, போதிய தீவனமின்மை, சுடுநீர் கிடைக்காமல் உறைநிலை நீரைக் குடிக்க நேர்வது ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. ஒரு நாளைக்கு ஒரு முறைதான் மேலே ஏற்ற வேண்டும் என்ற கட்டுப்பாடு மீறப்படுவதாகவும் புகார்கள் எழுந்தன. விவகாரம் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2023 ஜூனில், ஒரு விலங்கின் மூக்கில் வலுக்கட்டாயமாகப் புகையைச் செலுத்தும் விடியோ நாடெங்கும் பரவி, போலீஸார் வழக்குப் பதிவு செய்தனர்.

சட்டம் இல்லாமல் இல்லை. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் இயற்றப்பட்டது. அதன் கீழ் 1965-ல் வகுக்கப்பட்ட விதிகள், பொதி விலங்குகளை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ, இடைவெளி இன்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது என்கின்றன. கோவேறு கழுதைக்கு 200 கிலோ, மட்டக்குதிரைக்கு 70 கிலோ என உச்சவரம்பும் உள்ளது. ஆனால், மூவாயிரம் மீட்டருக்கும் மேலே, பிராணவாயு குறைந்த ஏற்றத்தில் அந்த 200 கிலோவை ஏற்றுவது விலங்கைக் கொல்வதற்குச் சமம். மலையில் ராணுவம் ஏற்றும் சுமை இதைவிட மிகக் குறைவு.

2023-ல் மட்டும் கேதார்நாத்துக்கு 19 லட்சத்துக்கும் அதிகமான பக்தர்கள் வந்தனர். கூட்டம் பெருகப் பெருக விலங்குக்கு ஓய்வு குறைகிறது. ஆறு மாதங்களில் ஆண்டு முழுவதற்குமான வருமானத்தை ஈட்டியாக வேண்டிய ஓட்டுநரின் அவசரமும், அன்றே தரிசனம் முடித்துத் திரும்ப வேண்டும் என்ற பக்தரின் அவசரமும் சேர்ந்து விலங்கின் முதுகில்தான் ஏறுகின்றன. தமிழகத்திலிருந்து செல்லும் பக்தர்களும் இதற்கு விலக்கல்ல.

இன்னோர் ஆபத்து தொற்றுநோய். குதிரை இனத்தைத் தாக்கும் இன்ஃப்ளூயன்ஸா இந்தியாவில் 1987-லும், 2008-லும் பெரிய அளவில் பரவியது. 2008-ல் அது முதலில் கண்டறியப்பட்ட இடம் ஜம்முவின் கத்ரா. வைஷ்ணவ தேவி யாத்திரையின் அடிவாரம் அது. 2025 மே மாதத் தொடக்கத்தில் கேதார்நாத் நடை திறந்த சில நாள்களில், இரண்டே நாள்களில் பத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் இறந்தன. விலங்குப் போக்குவரத்து தாற்காலிகமாக நிறுத்தப்பட்டு, ஹரியாணாவின் ஹிஸாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தின் நிபுணர்கள் வரவழைக்கப்பட்டனர். பல மாநில விலங்குகள் ஒரே பாதையில் நெருங்கி நிற்பதும், அவையே பின்னர் சூளைகளுக்கும் சந்தைகளுக்கும் பிரிந்து செல்வதும் நோய் பரவ வழி வகுக்கின்றன.

கணக்கில் வராதவர்கள்

இந்தப் பின்னணியில் ரோப்கார் வருவதை விலங்கு நல ஆர்வலர்கள் பலர் வரவேற்கின்றனர். முதியோருக்கும் உடல் நலம் குன்றியோருக்கும் அது வரப்பிரசாதம் என்பதிலும் ஐயமில்லை. பழநியில் ரோப்கார் வந்த பிறகு படியேற இயலாதவர்கள் அடைந்த நிம்மதியைத் தமிழகம் அறியும். கோவிந்த்காட்டிலிருந்து ஹேம்குண்ட் சாகிப் வரை 12.4 கிலோமீட்டர் தொலைவுக்கு ரூ. 2,730 கோடியில் மற்றொரு ரோப்காருக்கும் அதே நாளில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கட்டுமானத்திலும், விடுதி, உணவு, சுற்றுலாத் தொழில்களிலும் வேலைவாய்ப்பு பெருகும் என்று அரசு கூறியது.

ஆனால், ஐம்பது வயது வரை கோவேறு கழுதையோடு மலை ஏறி இறங்கிய ஒருவருக்கு ரோப்கார் நிலையத்திலோ, நட்சத்திர விடுதியிலோ என்ன வேலை கிடைக்கும் என்பது எளிதில் விடை கிடைக்காத கேள்வி. வைஷ்ணவ தேவி யாத்திரைப் பாதையில் இக் கேள்வி ஏற்கெனவே தெருவுக்கு வந்துவிட்டது. தாராகோட் - சாஞ்சி சத் இடையிலான ரோப்கார் திட்டத்தை எதிர்த்து, 2024 நவம்பரில் கத்ராவில் கடைக்காரர்களும் மட்டக்குதிரை, பல்லக்குத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தனர். போலீஸாருடன் மோதலும் மூண்டது. அங்கு குதிரைகளைப் படிப்படியாக அகற்றுவது, உரிமையாளர்களுக்கு மறுவாழ்வு அளிப்பது தொடர்பாக தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 முதலே விசாரணை நடத்தி உத்தரவுகள் பிறப்பித்ததும் நினைவுகூரத்தக்கது.

ஓட்டுநருக்காவது போராட வழி உண்டு. விலங்குக்கு அதுவும் இல்லை. வருமானம் நின்றுபோன வீட்டில் தீவனத்துக்குப் பணம் இருக்காது. யாத்திரைப் பாதையில் தேவையற்றுப்போன கோவேறு கழுதை, கண்காணிப்பே இல்லாத செங்கல் சூளைக்கு மலிவு விலையில் விற்கப்படும் வாய்ப்பே அதிகம். கொடுமையிலிருந்து விடுவிப்பதாகக் கருதி எடுக்கப்படும் நடவடிக்கை, அதைவிடப் பெரிய கொடுமைக்குள் தள்ளுவதாகவும் முடியலாம்.

ரோப்கார் கட்டி முடிக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். செய்ய வேண்டியவற்றைச் செய்ய அந்த அவகாசம் போதும். பதிவு பெற்ற ஒவ்வொரு விலங்கின் உரிமையாளரையும் ஓட்டுநரையும் தனித்தனியே கணக்கெடுப்பது முதல் தேவை. இழப்பீடு உரிமையாளரோடு நின்றுவிட்டால் உண்மையில் வேலை இழப்பவருக்கு எதுவும் கிடைக்காது. வெந்நீர்த் தொட்டி, நிழற்கூடம், கால்நடை மருத்துவர், ஒரு நாளுக்கு ஒரு நடை என்ற விதி ஆகியவற்றை இப்போதே கறாராக நடைமுறைப்படுத்துவது இரண்டாவது. ரோப்கார் எட்டாத கிராமங்களுக்கும் மலைவழிகளுக்கும் பொதி விலங்கு இனியும் தேவை என்பதை ஏற்று, அங்கே அவற்றுக்கு முறையான பணி அளிப்பது மூன்றாவது. முதுமையடைந்த ராணுவ விலங்குக்கு ஓய்வு தர முடியும் என்பதைப் பெடோங்கி விஷயத்தில் இந்த நாடு காட்டியிருக்கிறது.

நவம்பரை ஒட்டி நடை சாத்தப்படும்போது, பனி விழத் தொடங்கும் பாதையில் கடைசி வரிசையாகக் கோவேறு கழுதைகள் கெளரிகுண்டுக்கு இறங்கி வரும். சேணம் கழற்றப்பட்டதும் அவை புழுதியில் ஒருமுறை புரண்டு எழுந்து உடலை உதறிக்கொள்ளும். அடுத்த சித்திரையில் மீண்டும் மலையேறுவோம் என்ற நம்பிக்கையில் ஓட்டுநர்கள் அவற்றை ஊருக்கு நடத்திச் செல்வார்கள். அந்த நம்பிக்கை எந்த ஆண்டோடு முடியப் போகிறது என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லவேண்டிய கடமையாவது தில்லிக்கு இருக்கிறது.